நாலாம் கிளையின் பூட்டு

அவளுக்கு நல்ல பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மென்பொருள் வேலையில் கூட இருந்தவர்களுக்கு அவள் பூட்டு. வயதில் இளையவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து பூட்டக்கா என்பார்கள். புதிதாக எதையாவது தூக்கிக்கொண்டு நாலாம் கிளையின் வாசலுக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே நுழைந்ததில்லை. அதனால் வந்த பட்டம் அது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒருமுறை கணவர் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது, "திறந்து போட்டுட்டு வந்தா நீங்கதானே முதல்ல கத்துவீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நாலாம் கிளை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கண் தெரியாதவர்களுக்காகக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தது. விலை கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பலாம். அப்படி அனுப்புகிறவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சண்டை மட்டும் ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி போடுவார்கள். நிரல் இரண்டாகப் பிரிந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்று தாய்க்கிளை. புது வசதிகள் எல்லாம் அங்கேதான் முளைக்கும். சில பூக்கும், சில கருகும். இன்னொன்று, நாலாம் பதிப்பு வெளிவந்த அன்று அதிலிருந்து பிரித்து வைத்த கிளை. அங்கே பழுது பார்க்கும் வேலை மட்டும்தான். உடைந்ததை ஒட்டலாம், ஓட்டையை அடைக்கலாம். புதிதாக ஒரு ஜன்னல் வைக்கக் கூடாது. வங்கிகள், பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாம் அந்த நாலாம் பதிப்பைத்தான் நம்பியிருந்தன. நேற்று அமுக்கிய விசை இன்றைக்கும் அதே வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை அது.

அந்தக் கிளைக்கு அவள் காவலாக வந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. குரல் மட்டும் வெண்ணெய் மாதிரி இருக்கும். பதறிக்கொண்டு போன் செய்கிறவர்கள்கூட அவர் "சொல்லுங்க" என்றதும் பாதி அடங்கிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு முந்தி இருந்த காவலர், தங்கமான மனுஷர், சின்ன விஷயம்தானே என்று ஒரு புது வசதியை, பழுது பார்த்து அனுப்பும் பராமரிப்பு வெளியீட்டோடு சேர்த்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் எத்தனையோ இடங்களில் கணினிகள் ஊமையாகிவிட்டன. அண்ணன் முன்னால் ஆறு போன்கள் அலறிக்கொண்டிருந்தன. கணினி வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் தங்கையிடம் பேசியபோது அந்த வெண்ணெய்க் குரல் கரகரத்திருந்தது. மருந்து மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் இருந்தவள், மறுவாரமே இந்த வேலையில் கை வைத்தாள். அந்த நல்ல மனுஷர் வேறு வேலை கிடைத்து விலகியபோது சாவி அவள் கைக்கு வந்தது.

மருந்து நிறுவனத்துக்குப் போகாத வெள்ளியும் சனியும் அவளுக்கு இந்த வேலை. சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இயந்திரம் இருந்த சின்ன அறைதான் அலுவலகம். ஜன்னலோரம் ஒரு மேஜை. காகிதம் வைக்க இஸ்திரிப் பலகை. இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் மேஜையும் கூடவே நடுங்கும். கணவர் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். காலை வகுப்பு முடித்து, தலையில் குளத்து மருந்து வாசனையோடு வந்து, இரண்டு கோப்பை டீ போட்டு ஒன்றை அவள் பக்கத்தில் வைப்பார். "இன்னைக்கு எத்தனை பேர் மனசை உடைச்சே?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினவர்தான் ராக்கெட்.

ராக்கெட் என்ற பட்டப்பெயரைக் கேட்டதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொண்ட வேகத்தில் எல்லோரையும் மிரட்டினார். காலையில் ஒரு யோசனை சொன்னால் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிடுவார். அவர் அட்டவணைகளுக்காக ஒரு வசதி செய்தார். கட்டம் போட்ட பட்டியலுக்குள் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அது எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சின்ன மணியோசை. தலைப்பைத் தட்டினால் அங்கேயே தாவும். தாய்க்கிளையில் அது சேர்ந்த அன்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். அவளும் வாழ்த்தினாள். நிஜமாகவே அழகான வேலை.

மறுநாளே அவர் போன் செய்தார். "ஏம்மா, இதை நாலாம் பிராஞ்சுக்கும் எடுத்துக்கலாமே. ஜனங்க கேக்குறாங்க."

"டாக்டர், வேலை பிரமாதம். ஆனா அது புது வசதி. நாலுல வராது. அஞ்சாவது வெர்ஷன் பிரிக்கிறப்போ தானா வந்துடும்."

"அஞ்சு எப்ப வரும், நான் எப்ப பாக்குறது? என் வயசை நினைச்சுப் பாரு."

"உங்க வேகத்தை நினைச்சாத்தான் டாக்டர் எனக்கு பயமா இருக்கு. அடுத்த மாசம் இன்னும் நாலு எழுதிடுவீங்க."

அவர் சிரித்தார். ஆனால் விட்டுவிடவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்காக ஆதரவு திரண்டது. பாதிப் பேர் அவள் கல் நெஞ்சுக்காரி என்று நாசூக்காக எழுதினார்கள். மீதிப் பேர் நாசூக்கு பார்க்கவில்லை. அவள் எல்லோருக்கும் இரண்டே வரியில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். பழகிப்போன விஷயம்.

பழகாதது சனிக்கிழமை வந்தது. அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த டேபிள் சமாச்சாரம் ஒண்ணு வந்திருக்காமே. எங்களுக்கு எப்ப வரும்?"

அவளுக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு இன்னும் பாப்பாதான். "உங்களுக்கு நாலாவது வெர்ஷன்தானேண்ணே. அதுல வராது."

"எங்க கம்ப்யூட்டர் ஆளுங்க நாலைத் தவிர வேற எதையும் ஏத்த விட மாட்டாங்கன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"போன மாசத்துலேர்ந்து ட்யூட்டி டாக்டர் பட்டியலை அட்டவணையா மாத்திட்டாங்க. எனக்கு ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. முந்தாநாள் பிரசவ வலின்னு ஒருத்தர் கூப்பிட்டார். நான் தோல் டாக்டருக்கு லைன் கொடுத்துட்டேன். அந்த டாக்டரம்மா நிதானமா, எத்தனை நாளா அரிக்குதுன்னு கேட்டிருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"தப்பு உடனே தெரிஞ்சு மாத்திட்டாங்க, ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. இத்தனை வருஷத்துல நான் தப்பான லைன் கொடுத்ததே இல்லை."

அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள். "அண்ணே, உங்களுக்காகத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தர் அண்ணனுக்குத் திறக்கணும். அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"சரிங்க மேடம்" என்றார் அண்ணன். போன் வைக்கப்பட்டது.

பாப்பா மேடமாகிவிட்டாள். கணவர் எட்டிப் பார்த்தார். "யாரு, மச்சானா? என்னவாம்?"

சொன்னாள். அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மச்சானுக்கு வேண்டியது அந்த மணியோசையெல்லாமா? இல்லை, சரியான டாக்டர் பேரா?"

திங்கட்கிழமை அவள் மருந்து நிறுவனத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இணைப்பகம் தரைத்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. ஆனால் சுத்தமான அறை. அண்ணன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் தொலைபேசியின் ஹெட்போன், மற்றக் காதில் கணினி. காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "மேடம் நேரிலேயே வந்துட்டாங்களா" என்றார். குரலில் முறுக்கு இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் திரையை அணைத்தாள். அவருடைய கணினியின் ஒலியை இன்னொரு ஹெட்போனில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சில வருடங்களாக இந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் அவள் எப்போதும் கண்ணால் சரிபார்த்துக்கொண்டே கேட்டவள். கண் மூடிக் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

"சாயங்கால வரிசையைப் படிங்கண்ணே."

அவர் விசையைத் தட்டினார். மென்பொருள் தலைப்புகளைச் சொன்னது: பொது, பிரசவம், தோல், எலும்பு. பிறகு சாயங்கால வரிசைக்கு வந்து மூன்று டாக்டர்களின் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. தலைப்பு நாலு, பேர் மூன்று. அவள் திரையைப் போட்டுப் பார்த்தாள். பிரசவத்துக்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. அந்த நேரத்துக்கு ஆள் இல்லை, அழைப்பைப் பிரசவ வார்டுக்கு நேரே போடச் சொல்லி அடியில் குறிப்பு. மென்பொருள் அந்தக் காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, தோல் டாக்டரின் பேரை இரண்டாவதாகச் சொல்லியிருக்கிறது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்த அண்ணனுக்கு அவர்தான் பிரசவ டாக்டர்.

"ஒரு கடிதத்தைத் திறங்கண்ணே. சும்மா ஏதாவது ஒண்ணு."

கடிதத்தில் பத்திகளுக்கு நடுவே வெற்று வரி வந்தது. "காலி" என்றது மென்பொருள்.

அவள் கண்ணைத் திறந்தாள். வெற்று வரிக்குக் காலி என்று சொல்லத் தெரிந்த மென்பொருள், வெற்றுக் கட்டத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டால் அது வசதிக் குறைவு இல்லை. அது பழுது. பழுது பார்க்கத்தான் நாலாம் கிளை.

"அண்ணே, அந்தக் கட்டம் காலின்னு உங்களுக்குச் சொன்னா போதுமா? மணி அடிக்கிறது, தாவுறதெல்லாம் இல்லாம?"

"மணி எனக்கு எதுக்கு? இங்க நாள் முழுக்க மணிதான் அடிக்குது" என்றார் அண்ணன். முறுக்கு தளர்ந்திருந்தது. "ஆமா, நீ சாப்பிட்டியா?"

வெள்ளிக்கிழமை அவள் ராக்கெட்டின் நிரலை முழுவதும் படித்தாள். நீளமான வேலை. அதற்குள் காலிக் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி மட்டும் ஒரு கையளவு. அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, தாய்க்கிளையிலிருந்து நாலாம் கிளைக்குக் கொண்டுவந்து ஒட்டினாள். எழுதியவர் பேர் என்று அவருடைய பேரையே போட்டாள். பிறகு போன் செய்து சொன்னாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "முப்பத்திரண்டு பல்லும் கட்டிக் கொடுக்குறேங்கிறேன். நீ ஒரே ஒரு பல்லை அடைச்சு அனுப்புறியேம்மா."

"டாக்டர், வலிக்கிற பல்லு அது ஒண்ணுதான்."

"அதை நீ எப்படிச் சொல்றே? நோயாளி என்கிட்ட வந்தா நான் வாய் முழுக்கப் பாப்பேன்."

"பாருங்க. ஆனா கேக்காம மத்ததைப் பிடுங்க மாட்டீங்கல்ல?"

அவர் முனகிக்கொண்டே போனை வைத்தார். உறவு முறியவில்லை, அவ்வளவுதான்.

வெளியீட்டுக்கு முன்னால் ஒரு வாரம் சோதனைப் பதிப்பு விடுவது வழக்கம். பார்வையில்லாத சிலர் தங்கள் அன்றாட வேலையிலேயே அதைப் போட்டுப் பார்ப்பார்கள். அவர்களில் முக்கியமானவர் ஒரு வக்கீலம்மா. கோர்ட்டில் எப்படியோ, இவர்களிடம் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். சோதனைப் பதிப்பு போன மறுநாளே அவருடைய அழைப்பு வந்தது.

"பூட்டக்கா, உங்க ஆளுக்கு என்ன ஆச்சு? நியூஸ் படிக்கலாம்னு ஒரு பக்கத்தைத் திறந்தா காலி, காலி, காலின்னு ஒரே புலம்பல். என் கட்சிக்காரர் பக்கத்துல உக்காந்திருந்தார். தன் கேஸைப் பத்தித்தான் சொல்லுதுன்னு பயந்துட்டார்."

போனை வைத்துவிட்டு அவள் தானே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வக்கீலம்மா கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை. சில இணையப் பக்கங்களை அழகுக்காக உள்ளுக்குள் கட்டம் கட்டி அடுக்கியிருப்பார்கள். கண்ணுக்கு அது அட்டவணையாகவே தெரியாது. மென்பொருளுக்கு எல்லாம் அட்டவணை. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் நியாயமாக ஒரு காலி. இத்தனை பேரைத் திருப்பி அனுப்பிய பூட்டு, தன் கையாலேயே இப்படி ஒன்றை உள்ளே விட்டிருந்தது.

கணவர் டீயோடு வந்தவர், கணினி புலம்புவதைக் கேட்டு வாசலிலேயே நின்றார். கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனார். நல்ல கணவர்.

ஒட்டியதைத் திரும்ப எடுத்துவிட்டு, இந்தத் தடவை வேண்டாம் என்று விட்டுவிடலாம். அண்ணனிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடச் சுலபமாக ஒரு வழி இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. துணி இயந்திரம் சுற்றி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு ராக்கெட்டைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நியூஸ் பக்கத்துலகூட காலி காலின்னு புலம்புது. உங்க வேலையில அது வரலையே. எப்படிச் சமாளிச்சீங்க?"

"ஓ, அடைச்ச பல்லு ஆடுதா?" என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

"ஆடுது டாக்டர். நான் அவசரப்பட்டுட்டேன்."

அந்த ஒரு சொல்லில் அவர் இறங்கிவிட்டார். "இல்லம்மா, இது எனக்கும் முதல்ல வந்துச்சு. அப்புறம்தான் முதல் வரிசையில தலைப்பு இருக்கான்னு பாக்க வெச்சேன். தலைப்பு இருந்தா அது உண்மையான டேபிள். இல்லைன்னா கண்டுக்காம விட்டுடும். அது வேற இடத்துல இருக்கு, அதான் உன் கண்ணுல படலை. இரு, பிரிச்சுத் தர்றேன்."

"அதோட மணியோசையும் ஒட்டிக்கிட்டு வந்துடாதே?"

"வராது வராது. என்னை என்னன்னு நினைச்சே?"

மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. தான் எழுதியதிலேயே பாதியை அவர் வெட்டியிருந்தார். கூடவே ஒரு வரி: நாலுக்கு இது போதும். அதைப் படித்தபோது அவளுக்கு மனது நிறைந்தது. அவளுடைய இத்தனை வருட வேலையில், கேட்காமலேயே ஒருவர் குறைத்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது சோதனைப் பதிப்பை வக்கீலம்மா ஒரு வாரம் குடைந்துவிட்டு, "ஆட்சேபணை இல்லை" என்று சொன்னார். பராமரிப்பு வெளியீடு ஒரு செவ்வாய்க்கிழமை போயிற்று. திங்கட்கிழமைகளில் அவள் எதையும் வெளியே விடுவதில்லை. மாற்றங்களின் பட்டியலில் புது வசதிகள் என்ற இடத்தில், எப்போதும்போல, ஒன்றுமில்லை என்று எழுதினாள். ஆஸ்பத்திரியின் கணினி ஆட்கள் வழக்கப்படி ஒரு வாரம் வைத்திருந்து பிறகு ஏற்றினார்கள்.

அண்ணன் வேலை நேரத்திலேயே கூப்பிட்டார். அவர் ஒருநாளும் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"பாப்பா, கேளு" என்று கணினிப் பக்கம் போனைத் திருப்பினார். தலைப்புகளுக்குப் பிறகு முதலில் ஒரு பேர். அடுத்து, காலி. மூன்றாவதாகத் தோல் டாக்டரம்மா பேர்.

"கேட்டியா? வார்டுக்கு நேரா போட வேண்டியதுதான். தோல் டாக்டர் இப்ப என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க. பார்வையில்லாட்டியும் சிரிக்கிறது தெரியும்."

"வேற ஏதாவது மாறியிருக்காண்ணே? பட்டன் ஏதாவது, குரல் ஏதாவது?"

"ஒண்ணுமே மாறலை. அதான் நல்லாருக்கு" என்றார் அண்ணன். "இரு, லைன் வருது." எதிர் முனையில் "சொல்லுங்க" என்ற அந்த வெண்ணெய்க் குரல் கேட்டது, பிறகு துண்டிக்கப்பட்டது.

மழைக்காலம் முடிந்ததும் ஐந்தாம் பதிப்புக்குக் கிளை பிரித்தார்கள். பிரிப்பது என்னவோ ஒரு கட்டளை, ஒரு தட்டு, முடிந்தது. அதற்கு முந்திய பேச்சுதான் வாரக்கணக்கில் நடந்தது. யாருடைய வேலை உள்ளே, யாருடையது அடுத்த வண்டிக்கு என்று. ராக்கெட்டின் அட்டவணை வசதி மணியோசையோடு முழுசாக ஐந்தில் இருந்தது. அந்தக் கிளைக்கும் ஒரு காவல் வேண்டும். இரண்டு கிளையை அவள் ஒருத்தியே பார்க்க முடியாது. யாரைப் போடலாம் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் ராக்கெட்டைச் சொன்னாள். படித்தவர்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள்.

அவரே போன் செய்தார். "ஏம்மா, என்கிட்ட கொடுத்தா நான் நாலு வாரத்துல அதை சர்க்கஸ் ஆக்கிடுவேன்னு பயமில்லையா?"

"உங்க புது யோசனைக்கெல்லாம் தாய்க்கிளை இருக்கு டாக்டர். அங்க ஓடுங்க, யாரும் தடுக்கலை. இங்க வரும்போது செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வாங்க, போதும்."

ஒப்புக்கொண்டார்.

முதல் விண்ணப்பம் சீக்கிரமே வந்தது. எங்கிருந்தோ ஒரு கல்லூரி மாணவி, ஐந்தாம் கிளையில் மென்பொருளின் குரலை ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று, எழுதியும் அனுப்பியிருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். ராக்கெட் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு நாலு பத்தியில் பதில் எழுதி, அனுப்புவதற்கு முன்னால் பூட்டக்காவின் பார்வைக்கு வைத்தார். முதல் பத்தி பாராட்டு, இரண்டாம் பத்தி வருத்தம், மூன்றாவதில் பல் மருத்துவம், நாலாவதில் முடியாது.

அவள் அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் விசிலடித்தார். "இவ்வளவு அன்பா யாரும் என்னை வேண்டாம்னு சொன்னதில்லை."

அவள் அதை இரண்டு வரியாக வெட்டித் திருப்பி அனுப்பினாள். அவர் பல் மருத்துவத்தை மட்டும் மறுபடி சேர்த்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது: புரிந்தது, தாய்க்கிளைக்கே தருகிறேன், ஆனால் டாக்டர், கடைவாய்ப் பல்லைப் பற்றி உங்களிடம் தனியாக ஒன்று கேட்கலாமா.